ஷிஃப்ட் க்ளாக்கில் ஒரு திண்ணை: எஃப்பிஜிஏ பின்னுக்குத் தவறான மாடலைத் தேர்ந்த ஒரு நிகழ்வு

பின்னணி

கோயம்புத்தூரில் உள்ள ஒரு சிறிய நிறுவனத்தில், அரிசித் தரம் பிரிக்கும் இயந்திரத்துக்கான கட்டுப்பாட்டு போர்டு ஒன்றை நாங்கள் வடிவமைத்தோம். போர்டின் சுற்று, லேஅவுட், சிக்னல் சிமுலேஷன் ஆகிய மூன்றும் என் பொறுப்பு. எஃப்பிஜிஏ என்பது உள் லாஜிக்கை நாமே எழுதிப் போடக்கூடிய சிப். அதன் உள்ளே ஓடும் லாஜிக்கை எழுதியவர் என்னைவிட இளையவர், வேலையில் கெட்டிக்காரர். எங்கள் இருவருக்கும் மேலே ஒரு திட்டப் பொறுப்பாளர் இருந்தார்.

இயந்திரத்தின் வேலை எளிது. சரிவான தகட்டில் அரிசி வழுக்கி விழும். விழும்போது கேமரா வரிவரியாகப் படமெடுக்கும். கறுத்த அரிசி, கல், நெல் என்று எதைக் கண்டாலும், எஃப்பிஜிஏ கணக்குப் போட்டு, கீழே வரிசையாக இருக்கும் 64 காற்று வால்வுகளில் சரியான ஒன்றைத் திறக்கும். காற்று அந்த ஒரு மணியைத் தள்ளிவிடும்.

64 வால்வுகளுக்கும் எஃப்பிஜிஏவிலிருந்து தனித்தனிக் கம்பி இழுக்கவில்லை. 16 பிட் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் டிரைவர்கள் (ஒவ்வொரு க்ளாக் துடிப்புக்கும் பிட்டுகளை ஓரிடம் நகர்த்தும் சிப்புகள்) 4 வைத்து, ஒன்றின் வெளியீட்டை அடுத்ததன் உள்ளீட்டில் கோர்த்தோம். டேட்டா ஒரு கம்பி, க்ளாக் ஒரு கம்பி, உள்ளே வந்த பிட்டுகளை வால்வுகளுக்கு வெளியிடவைக்கும் லாட்ச் ஒரு கம்பி. ஒவ்வொரு 2 மில்லிநொடிக்கும் 64 பிட் புதிதாக உள்ளே போகும். க்ளாக் 10 மெகாஹெர்ட்ஸ்தான். க்ளாக் ட்ரேஸ் (போர்டில் உள்ள செம்புப் பாதை) எஃப்பிஜிஏ பக்கத்தில் 33 ஓம் தொடர் ரெசிஸ்டரில் தொடங்கி, 10 செ.மீ. தூரத்தில் முதல் ரெஜிஸ்டரைத் தொட்டு, மற்ற மூன்றையும் கடந்து 22 செ.மீ.யில் முடிந்தது. எல்லாம் 3.3 வோல்ட்.

இந்த 10 மெகாஹெர்ட்ஸ் என்ற எண் எங்களைக் கவனக்குறைவாக ஆக்கியது என்று இப்போது நினைக்கிறேன். கேமரா பக்கம் இதைவிடப் பல மடங்கு வேகமான கம்பிகள் இருந்தன. எங்கள் கவலையெல்லாம் அவற்றின் மேல்தான் இருந்தது.

ஆலையில் கண்டது

சோதனைக்கூடத்தில் முதல் போர்டுகள் நன்றாக ஓடின. ஐந்து இயந்திரங்கள் வெளியே போயின. அதில் ஒன்று காங்கேயம் பக்கம் ஓர் அரிசி ஆலைக்குப் போனது. ஓட ஆரம்பித்த இரண்டாம் வாரம் அங்கே இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர் போனில் சொன்னார்: “ஏனுங்க, கல்லு நிக்குது, நல்ல அரிசி போகுதுங்க.”

நேரில் போய்ப் பார்த்தோம். அவர் சொன்னது துல்லியமாக இருந்தது. எப்போதாவது ஒருமுறை, திறக்க வேண்டிய வால்வுக்குப் பதில் அதற்குப் பக்கத்து வால்வு திறந்தது. அடுத்த சுற்றிலேயே எல்லாம் பழையபடி சரியாகிவிடும். அரிசி மோசமாக இருந்து, நிறைய வால்வுகள் ஒரே நேரத்தில் அடிக்கும்போதுதான் இது அதிகம் வந்தது. சுத்தமான அரிசி ஓடும்போது மணிக்கணக்கில் ஒன்றும் இல்லை. ஐந்தில் மூன்று இயந்திரங்களில் இந்தக் குறை இருந்தது.

ஒன்று தள்ளித் திறக்கிறது என்பதிலேயே விடை பாதி இருந்தது. ஷிஃப்ட் ரெஜிஸ்டரில் ஒரு பிட் தள்ளிப் போக வேண்டுமானால், ஒரு க்ளாக் கூடவோ குறையவோ வந்திருக்க வேண்டும். நாங்கள் அதை அன்றைக்கே தாளில் எழுதிவைத்திருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

தவறான தடங்கள்

நிறைய வால்வு ஒன்றாக அடிக்கும்போது வருகிறது என்பதால், 24 வோல்ட் பக்கத்து இரைச்சல்தான் காரணம் என்று முடிவு கட்டினோம். வால்வு சப்ளையில் பெரிய கெப்பாசிட்டர்கள் சேர்த்தோம். தரைக் கம்பியைத் தடிமனாக்கினோம். குறை பாதிக்கு மேல் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. குறைந்ததே எங்களைத் தவறான வழியில் இன்னும் ஒரு வாரம் நடக்கவைத்தது. இரைச்சல், ஏற்கெனவே இருந்த ஒரு பலவீனத்தைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தது. நாங்கள் தட்டுவதை மட்டும் மெதுவாக்கினோம்.

எங்களிடம் இருந்த ஸ்கோப் (மின் அலையை வரைந்து காட்டும் ஆஸிலாஸ்கோப்) 200 மெகாஹெர்ட்ஸ். அதில் க்ளாக்கைப் பார்த்தபோது எட்ஜ், அதாவது 0-விலிருந்து 1-க்கு ஏறும் இடம், கொஞ்சம் வளைந்து தெரிந்தது, அவ்வளவுதான். ஸ்கோப்பின் சொந்த ஏறும் நேரம், 0.35-ஐ அதன் பேண்ட்விட்த்தால் (அலைப்பட்டை அகலத்தால்) வகுத்தால் வரும். 200 மெகாஹெர்ட்ஸுக்கு அது 1.75 நானோநொடி. அதைவிடச் சிறிய விவரம் எதையும் அந்தத் திரையில் நம்ப முடியாது. ப்ரோபின் தரைக் கம்பி வேறு 15 செ.மீ. நீளத்துக்குத் தொங்கியது. அது தானாகவே ஓர் அலைவைச் சேர்த்துக் காட்டியது.

ஸ்கோப் காட்டியது

ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் 1 கிகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பும் ஆக்டிவ் ப்ரோபும் கொடுத்து உதவினார்கள். முதல் ரெஜிஸ்டரின் க்ளாக் பின்மேல் (பின் என்பது சிப்பின் இணைப்புக் கால்), தரைமுனையை மிகக் குட்டையாக வைத்துப் பார்த்தோம். 0-விலிருந்து விறுவிறுவென்று ஏறிய எட்ஜ், 1.3 வோல்ட் அருகில் நின்றுவிட்டது. ஏறக்குறைய 2 நானோநொடி அங்கேயே கிடந்து, அப்புறம் 3.3-க்கு ஏறியது. வாசலுக்கும் வீட்டுக்கும் நடுவே திண்ணை இருப்பதுபோல. அன்று முதல் எங்கள் பேச்சில் அதற்குப் பெயரே திண்ணைதான்.

ரெஜிஸ்டரின் டேட்டாஷீட்டில் 0.8 வோல்ட்டுக்குக் கீழே என்றால் 0, 2.0-க்கு மேலே என்றால் 1. நடுவில் இருப்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. திண்ணை சரியாக அந்த நடுவில் இருந்தது. சின்ன ஆட்டங்களைப் புறக்கணிக்கும் ஷ்மிட் ட்ரிக்கரும் உள்ளீட்டில் இல்லை. வால்வுகள் ஒன்றாக அடித்து ரெஜிஸ்டரின் தரை ஓரிரு நூறு மில்லிவோல்ட் ஆடினால், அந்த 2 நானோநொடிக்குள் ஒரே எட்ஜ் இரண்டாக எண்ணப்பட்டுவிடும்.

திண்ணை ஏன் வருகிறது என்பது தெரிந்த பாடம்தான். தொடர் ரெசிஸ்டரோடு சேர்ந்த எஃப்பிஜிஏவின் வெளியீட்டு டிரைவர், முதலில் பாதி வோல்ட்டேஜ் உயரமுள்ள அலையைத்தான் ட்ரேஸில் அனுப்பும். அலை கடைசி முனையில் மோதித் திரும்பி வரும்போதுதான் மீதிப் பாதி நிறையும். கடைசியில் இருப்பவருக்கு ஒரே தாவலில் முழு அளவு கிடைக்கும். நடுவில் இருப்பவர் திரும்பி வரும் அலைக்காகக் காத்திருக்க வேண்டும். எங்கள் ட்ரேஸில் ஒவ்வொரு ரெஜிஸ்டரும் சுமார் 4 பிக்கோஃபாரட் ஏற்றியது. அதனால் கடைசி 12 செ.மீ. பகுதியின் மின்மறுப்பு 50 ஓமிலிருந்து 35 ஓம் பக்கம் இறங்கியது, அலையும் மெதுவானது. போய் வர 2 நானோநொடி என்ற கணக்கு தாளில் போட்டாலே வந்தது.

ஆனால் நான் இந்த ட்ரேஸை லேஅவுட்டின்போதே சிமுலேஷன் செய்திருந்தேன். அந்த அறிக்கையில் திண்ணை இல்லை. வழவழப்பான எட்ஜ்தான் இருந்தது. அந்த அறிக்கையை மறுபடி எடுத்தேன்.

முதல் சிமுலேஷனில் என்ன மாடல் இருந்தது

சிப்பின் உள் ட்ரான்சிஸ்டர் ரகசியத்தைக் காட்டாமல், பின்னின் வெளி நடத்தையை மட்டும் அட்டவணைகளாகத் தரும் முறைதான் ஐபிஸ். இன்டெல் தொடங்கிவைத்த இந்த முறையின் முதல் பதிப்பு 1993-ல் வந்தது. ஒரு சாதாரண மெமரி சிப்புக்கு ஐபிஸ் ஃபைலை எடுத்தால், எந்தப் பின்னுக்கு எந்த மாடல் என்று தயாரிப்பாளரே எழுதிக் கொடுத்திருப்பார். தேர்வு என்ற பேச்சே பெரும்பாலும் எழாது.

எஃப்பிஜிஏ அப்படி இல்லை. தயாரிப்பாளர் தரும் பொது ஃபைலில், அந்தச் சிப்பின் பின் எப்படியெல்லாம் இருக்கக்கூடுமோ அத்தனைக்கும் மாடல் இருக்கும். வோல்ட்டேஜ் தரம், டிரைவ் பலம், எட்ஜ் வேகம், உள் டெர்மினேஷன் (அலை திரும்பாமல் தடுக்கும் மின்தடை) உண்டா இல்லையா என்று ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒன்று. எந்தப் பின்னில் எது என்பது அந்த ஃபைலில் இல்லை, இருக்கவும் முடியாது. அதைத் தீர்மானிப்பது, பின்களின் அமைப்பைச் சொல்ல நாம் எழுதும் கன்ஸ்ட்ரெயின்ட் ஃபைல். லேஅவுட் செய்யும் நான் அந்த ஃபைலைத் திறந்தே பார்த்ததில்லை. என்னுடைய பிழை அங்கேதான்.

லேஅவுட் நடந்தபோது எஃப்பிஜிஏ பின் ஒதுக்கீடே முடிந்திருக்கவில்லை. சிமுலேஷன் கருவியின் பட்டியலில் 3.3 வோல்ட் எல்விசிமாஸ் (ஒரு வோல்ட்டேஜ் தரம்), 8 மில்லிஆம்பியர், மெதுவான எட்ஜ் என்ற மாடலை நான் தேர்ந்தேன். 10 மெகாஹெர்ட்ஸ் கம்பிக்கு இது நியாயமான தேர்வு. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அறிக்கையின் நான்காம் பக்கத்தில் அதை எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் இந்தப் பின்னை இப்படித்தான் அமைக்க வேண்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. என் மனதில் அது ஓர் அனுமானம். உண்மையில் அது எஃப்பிஜிஏ எழுதுபவருக்குப் போயிருக்க வேண்டிய ஒரு நிபந்தனை.

இளையவரிடம் கேட்டேன். அவர் உடனே கணினியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணா, அந்த பேங்க் முழுக்க ஃபாஸ்ட், 16 மில்லிஆம்பியர் போட்டிருக்கேன். எஸ்ராம் டைமிங் அப்பதான் பாஸ் ஆச்சு.” கேமரா படத்தைத் தற்காலிகமாக வைக்கும் எஸ்ராம் என்ற நினைவகச் சிப் அதே பேங்கில் (ஒரே சப்ளையைப் பகிரும் பின்களின் குழுவில்) இருந்தது. அதற்காக நட்சத்திரக் குறி போட்டு, ஒரே வரியில் பேங்கின் எல்லா வெளியீடுகளுக்கும் அவர் வேகத்தைக் கூட்டியிருந்தார். அவர் கையிலிருந்த விவரங்களை வைத்துப் பார்த்தால் அதில் தவறே இல்லை. க்ளாக் பின்னுக்கு மெதுவான எட்ஜ் தேவை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஒன்றுமே எழுதாமல் விட்டாலும் பின்னுக்கு ஏதோ ஓர் அமைப்பு வந்துவிடும். உதாரணமாக ஜைலிங்ஸ் என்ற எஃப்பிஜிஏ தயாரிப்பாளரின் 7 தொடர் சிப்புகளில் எல்விசிமாஸ் வெளியீட்டுக்கு எதுவும் சொல்லாவிட்டால் 12 மில்லிஆம்பியர், மெதுவான எட்ஜ் என்று கருவி எடுத்துக்கொள்ளும். இயல்பு மதிப்பு சிப்புக் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். பழைய போர்டின் அனுபவத்தை வைத்துப் புதிய போர்டின் மாடலைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

மாடலை மறுபடி தேர்ந்தது

இந்த முறை பட்டியலில் பார்த்துத் தேர்வதில்லை என்று முடிவு செய்தோம். எஃப்பிஜிஏ கருவிகளே, நம் வடிவமைப்புக்கென்று ஓர் ஐபிஸ் ஃபைலை எழுதிக் கொடுக்கும். ஜைலிங்ஸின் கருவியான விவாடோவில் அதற்குத் தனிக் கட்டளை உண்டு, ஆல்டெராவின் கருவியான குவார்ட்டஸிலும் போர்டு சிமுலேஷனுக்காக இதை எழுதவைக்கலாம். பின்களை ஒதுக்கி, வடிவமைப்பை முழுக்க ஓட்டி முடித்தபின் எடுத்த ஃபைலில், நாம் உண்மையில் பயன்படுத்திய மாடல்கள் மட்டும், எந்தப் பின்னுக்கு எது என்ற பட்டியலோடு இருக்கும். பொது ஃபைல் வேண்டாம் என்று சொல்லவில்லை. பின் ஒதுக்கீடு ஆகாத நாட்களில் ‘இப்படி வைத்தால் என்ன ஆகும்’ என்று பார்க்க அதுதான் கைகொடுக்கும். கடைசிச் சரிபார்ப்புக்கு அது போதாது.

புதிய ஃபைலைப் போட்டு முதல் ரெஜிஸ்டரில் பார்த்தேன். 1.3 வோல்ட்டில், 2 நானோநொடித் திண்ணை. ஸ்கோப் திரையையும் சிமுலேஷன் திரையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு நிம்மதியும் வருத்தமும் ஒன்றாக வந்தன. லேஅவுட் முடியும் முன்பே இந்தப் படத்தைப் பார்த்திருக்க முடியும்.

அப்புறம் மாடலுக்குள்ளேயே போய்ப் பார்த்தோம். மாடலின் பெயரை மட்டும் நம்பினால் போதாது என்பது இங்கே கிடைத்த பெரிய பாடம்.

முதலில், வெளியீடு 0-வில் இருக்கும்போது எந்த வோல்ட்டேஜுக்கு எவ்வளவு மின்னோட்டம் என்று தரும் புல்டவுன் அட்டவணை. 0-க்கு அருகில் வோல்ட்டேஜை மின்னோட்டத்தால் வகுத்தால் டிரைவரின் மின்தடை கிடைத்துவிடும். 16 மில்லிஆம்பியர் வேகமான மாடலில் 0.5 வோல்ட்டுக்கு 25 மில்லிஆம்பியர், அதாவது 20 ஓம். 8 மில்லிஆம்பியர் மெதுவான மாடலில் 0.4 வோல்ட்டுக்கு 10 மில்லிஆம்பியர், அதாவது 40 ஓம். பெயரில் உள்ள மில்லிஆம்பியர், வெளியீட்டு வோல்ட்டேஜ் குறிப்பிட்ட எல்லைக்குள் நிற்கும் என்று உறுதி தரப்படும் அளவு. எட்ஜ் ஏறும்போது பாயும் மின்னோட்டம் அதைவிட அதிகமாக இருக்கலாம். 20 ஓமோடு 33 ஓம் சேர்ந்தால் 53. ட்ரேஸின் 50-க்குக் கனகச்சிதமான பொருத்தம். கடைசி முனையில் ஒரே ஒரு ரெஜிஸ்டர் மட்டும் இருந்திருந்தால் இதைவிட அழகான அமைப்பு கிடையாது. நடுவில் மூவர் இருந்ததால் அதே பொருத்தம் பாதி உயரத்தில் திண்ணையைக் கட்டியது.

அடுத்தது எட்ஜ் நேரம். ஐபிஸில் ராம்ப் என்று தரப்படும் அளவு 20-லிருந்து 80 சதவீதம் வரையிலான மாற்றத்துக்கானது, பேக்கேஜை (சிப்பின் உறையை) சேர்க்காமல் எடுத்தது. அதை 10–90 என்று நினைத்துக்கொண்டு டேட்டாஷீட்டோடு ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். எங்கள் இரண்டு மாடல்களுக்கும் வழக்கமான நிலையில் அது 0.5 நானோநொடியும் 2.4 நானோநொடியும். திரும்பி வரும் அலைக்கு 2 நானோநொடி ஆகும்போது, 0.5-ல் ஏறி முடிக்கும் எட்ஜ் காத்திருக்க வேண்டியதாகிறது. 2.4-ல் ஏறும் எட்ஜ் பாதி வழியில் இருக்கும்போதே திரும்பிய அலை வந்து சேர்ந்துகொள்கிறது. க்ளாக் 10 மெகாஹெர்ட்ஸா 1 மெகாஹெர்ட்ஸா என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

மூன்றாவது, ஓரங்கள், அதாவது சிலிக்கான் எவ்வளவு மெதுவாகவோ வேகமாகவோ அமையலாம் என்ற எல்லைகள். ஒவ்வொரு அட்டவணையிலும் வழக்கம், மின் (மினிமம்), மேக்ஸ் (மேக்ஸிமம்) என மூன்று பத்திகள். வோல்ட்டேஜ்–மின்னோட்ட அட்டவணைகளில் மின் என்றால் மெதுவான, பலவீனமான சிலிக்கான், மேக்ஸ் என்றால் வேகமான, பலமான சிலிக்கான். ஆனால் பின்னின் உள் கெப்பாசிட்டன்ஸான சி-காம்ப், பேக்கேஜ் மதிப்புகள் ஆகியவற்றில் மின் என்றால் எண்ணில் சிறியது, அவ்வளவே. மெதுவான ஓரத்தைப் பார்க்க வேண்டுமானால் மின் அட்டவணையோடு மேக்ஸ் சி-காம்ப் சேர வேண்டும். கருவி இதைத் தானாகச் சேர்க்கிறதா என்று ஒருமுறை கையால் சோதித்துக்கொண்டோம். திண்ணை, ஓவர்ஷூட் (வோல்ட்டேஜ் அளவைத் தாண்டி எகிறுவது) இரண்டையும் வேகமான ஓரத்தில் பார்த்தோம். டைமிங்கை மெதுவான ஓரத்தில் பார்த்தோம். நான் முதலில் செய்த சிமுலேஷன் வழக்கமான பத்தியோடு நின்றிருந்தது.

பேக்கேஜில் எல்லாப் பின்னுக்கும் பொதுவான ஒரு மதிப்பும், பின்வாரியான மதிப்புகளும் இருந்தன. பின்வாரியானதை எடுத்தோம். இந்தக் கம்பிக்கு அதில் பெரிய வேறுபாடு வரவில்லை.

ரெஜிஸ்டரின் ஐபிஸ் மாடலையும் விட்டுவைக்கவில்லை. உள்ளீட்டின் 0, 1 எல்லைகள் அதில் எழுதப்பட்டிருக்கும், அவை டேட்டாஷீட்டோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தோம். எல்லா ஃபைல்களையும் ஐபிஸ்செக் சரிபார்ப்பு நிரலில் ஓட்டினோம். அது எழுத்திலக்கணத்தைப் பார்க்கும், அட்டவணைகளில் ஏறுமாறாக இருப்பதையும் சொல்லும். நீங்கள் தேர்ந்த மாடல் உங்கள் பின்னுக்கு உரியதா என்று அது சொல்லாது.

ட்ரான்சிஸ்டர் அளவிலான ஸ்பைஸ் மாடல் வேண்டுமா என்று திட்டப் பொறுப்பாளர் கேட்டார். யோசித்து, வேண்டாம் என்றோம். நேர்ந்த பிழை மாடலின் நுணுக்கத்தில் இல்லை, எந்த மாடல் என்பதில்தான் இருந்தது. ஐபிஸ் ஸ்கோப்போடு நன்றாகவே ஒத்துப்போனது. ஸ்பைஸ் தேவைப்படும் இடம் வேறு: பல பின்கள் ஒன்றாக மாறும்போது சிப்பின் சப்ளை எவ்வளவு ஆடும் என்பது போன்ற கேள்விகள். ஐபிஸில் அதற்கான அட்டவணைகள் 2008-ல் வந்த 5.0 பதிப்பில்தான் சேர்ந்தன. எங்களுக்குக் கிடைத்த ஃபைலில் அவை இல்லை.

முடிவு எடுத்தது

வெளியே ஐந்து இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. போர்டில் கை வைக்காமல் தீர்க்க முடியுமா என்பதே முதல் கேள்வி.

தொடர் ரெசிஸ்டரை மாற்றலாம் என்று ஒருவர் சொன்னார். 10 ஓம் வைத்துப் பார்த்தோம். திண்ணை 1.3-லிருந்து 1.7-க்கு ஏறியது. ரெசிஸ்டரையே எடுத்துவிட்டாலும் 1.9 வரைதான் போனது. 2.0-ஐத் தாண்டவில்லை, கூடவே வேகமான ஓரத்தில் கடைசி முனையில் ஓவர்ஷூட் தலைதூக்கியது. அதை விட்டுவிட்டோம். கடைசி முனையில் டெர்மினேஷன் ரெசிஸ்டர் போடலாம், ஆனால் அதற்கு போர்டில் இடம் விடவில்லை.

மிஞ்சியது, க்ளாக் பின்னின் எட்ஜை மெதுவாக்குவது. எஃப்பிஜிஏ ஃபைலில் ஒரு வரி. 4 மில்லிஆம்பியர், 8 மில்லிஆம்பியர் இரண்டையும் மெதுவான எட்ஜோடு ஓட்டினோம். திண்ணையை மட்டும் பார்த்தால் 4 இன்னும் வழவழப்பு. ஆனால் எங்கள் ரெஜிஸ்டர்கள் ஒன்றோடொன்று கோர்க்கப்பட்டவை. டேட்டா போகும் திசையிலேயே க்ளாக்கும் போகிறது. பின்னால் உள்ள ரெஜிஸ்டருக்கு க்ளாக் தாமதமாகப் போனால், முன்னால் உள்ளது தன் புதிய பிட்டை அதற்குள் வெளியிட்டுவிடும். க்ளாக் வந்த பிறகும் பழைய பிட் மாறாமல் நிற்க வேண்டிய அந்த ஹோல்ட் நேரத்தில் எங்களுக்கு அதிக இடம் இல்லை. எட்ஜ் மெதுவாக ஆக, ஒவ்வொரு ரெஜிஸ்டரும் எந்த வோல்ட்டேஜில் விழித்துக்கொள்கிறது என்ற சின்ன வேறுபாடும் நேர வேறுபாடாகப் பெரிதாகும். மெதுவான ஓரத்தில் 4 மில்லிஆம்பியர் மாடல் அந்த இடத்தை அதிகமாகத் தின்றது. 8 மில்லிஆம்பியரில் வேகமான ஓரத்திலும் எட்ஜ் எங்கும் நிற்கவில்லை, மெதுவான ஓரத்திலும் ஹோல்ட் மிச்சம் இருந்தது. அதையே எடுத்தோம். நான் முதலில் ஊகித்த அதே மாடல்தான். இப்போது பின்னும் அப்படியே அமைந்தது.

டேட்டா, லாட்ச் பின்களுக்கும் அதையே வைத்தோம். எஸ்ராம் பின்கள் வேகமாகவே இருந்தன. நட்சத்திரக் குறி வரியை எடுத்துவிட்டு இளையவர் ஒவ்வொரு பின்னுக்கும் தனி வரி எழுதினார்.

பின்னர் நடந்தது

கல்லூரி ஆய்வகத்தில் மறுபடி அளந்தோம். முதல் ரெஜிஸ்டரில் 20–80 சதவீத நேரம் சிமுலேஷனில் 2.7 நானோநொடி, ஸ்கோப்பில் 2.9. திண்ணை போய், ஒரு சின்னச் சாய்வு மாற்றம் மட்டும் எஞ்சியிருந்தது. 64 வால்வுகளையும் ஒன்றாக அடிக்கவைத்து 72 மணி நேரம் ஓட்டினோம். ஒரு தள்ளலும் இல்லை.

குறை இருந்த மூன்று இயந்திரங்களுக்கும் புதிய ஃபைலைப் போட்டோம். இரண்டு சரியாகிவிட்டன. காங்கேயம் இயந்திரத்தில் வாரம் ஒன்றிரண்டு முறை வால்வு தவறியது. மாடலில் இன்னும் ஏதோ விட்டுவிட்டோம் என்று இரண்டு நாள் கலங்கினேன். கடைசியில் பார்த்தால், தவறுவது எப்போதும் ஒரே வால்வு, அதுவும் தள்ளித் திறக்கவில்லை, திறக்காமலே விட்டது. அந்த வால்வுக்கான 24 வோல்ட் கனெக்டரில் ஒரு கிரிம்ப் (கம்பியை நசுக்கிப் பிடிக்கும் இணைப்பு) தளர்ந்திருந்தது. முதல் குறையோடு இதற்குச் சம்பந்தமே இல்லை. முன்பு இரண்டு குறைகளும் ஒன்றாகக் கலந்து தெரிந்திருக்கின்றன. ஆலைக்காரர் குறித்து வைத்திருந்த நோட்டில், எந்த வால்வு, என்ன நேரம் என்று இருந்ததால்தான் பிரித்துப் பார்க்க முடிந்தது. அவருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

குறை தெரியாத மற்ற இரண்டு இயந்திரங்களுக்கும் அதே மாற்றத்தைச் செய்தோம். அவற்றின் சிலிக்கான் கொஞ்சம் மெதுவாக அமைந்ததாலோ, அங்கே ஓடிய அரிசி சுத்தமாக இருந்ததாலோ தப்பியிருக்கலாம். அந்த அதிர்ஷ்டத்தை நம்பி விட எங்களுக்கு மனம் வரவில்லை.

இனி மாற்றுவது

சுற்று வரைபடத்தில் எஃப்பிஜிஏவிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு கம்பிக்கும் பக்கத்தில் வோல்ட்டேஜ் தரம், டிரைவ், எட்ஜ் வேகம் மூன்றையும் எழுதுகிறோம். சிமுலேஷனில் எடுத்த மாடல் எதுவோ அதுவே அங்கே எழுதப்படும். எஃப்பிஜிஏ எழுதுபவர் அதை மாற்ற வேண்டுமானால் மாற்றலாம், ஆனால் என்னிடம் சொல்லிவிட்டு.

சொல்ல மறப்பது மனித இயல்பு என்பதால் ஒரு சிறு ஸ்கிரிப்டும் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு முறை எஃப்பிஜிஏ ஃபைல் உருவாகும்போதும் அதற்கான ஐபிஸ் ஃபைலும் உருவாகும். அதில் உள்ள பின்–மாடல் பட்டியலையும், கடைசியாகச் சிமுலேஷன் செய்த பட்டியலையும் ஸ்கிரிப்ட் ஒப்பிடும். ஒரு வரி வேறுபட்டாலும் வெளியீடு நின்றுவிடும். இதை எழுத இளையவருக்கு அரை நாள் ஆனது.

வேகம் குறைந்த கம்பி என்று எதையும் சிமுலேஷனிலிருந்து விலக்குவதில்லை. போய் வரும் நேரத்தையும் எட்ஜ் நேரத்தையும் ஒப்பிட்டுத்தான் பட்டியல் போடுகிறோம். க்ளாக் கம்பி என்றால், கடைசி முனையோடு நிறுத்தாமல் ஒவ்வொரு ரெஜிஸ்டரிலும் படம் எடுக்கிறோம்.

அடுத்த பதிப்பு போர்டில் க்ளாக்குக்கு ஒரு பஃபர் சிப் வைத்து, நான்கு ரெஜிஸ்டருக்கும் தனித்தனி ட்ரேஸ், தனித்தனித் தொடர் ரெசிஸ்டர் கொடுத்துவிட்டோம். ஒவ்வொரு ரெஜிஸ்டரும் இப்போது தன் ட்ரேஸின் கடைசி முனையில் இருக்கிறது. சப்ளை ஆட்டத்தை இன்னும் எங்களால் சிமுலேஷனில் பார்க்க முடியவில்லை, தயாரிப்பாளரிடம் பூட்டிய ஸ்பைஸ் மாடல் கேட்டிருக்கிறோம். அது வரும்வரை அளந்து பார்ப்பதற்காக ஒவ்வொரு ரெஜிஸ்டருக்கும் அருகில் ஒரு சோதனைப் பட்டையும் அதையொட்டி ஒரு தரைப் பட்டையும் வைத்திருக்கிறோம். 8 போர்டுகளில் 3 அளந்தாகிவிட்டது. மீதி 5 அசெம்பிளியிலிருந்து வர வேண்டும்.